தம்பி, எவடம்?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் பிறக்கிற கேள்வி "தம்பி, எவடம்?" என்பதுதான். நெடுங்கேணிச் சந்தியில் பஸ்ஸால் இறங்குகிறவரிடம் தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்பார். மாற்றலாகி வந்த ஆசிரியரிடம் அதிபர் கேட்பார். கலியாணம் பேசப் போன வீட்டில் பெரியவர் கேட்பார். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. வழி தெரியாதவனுக்கு வழி சொல்லவும், எங்கேயோ விட்டுப்போன ஓர் உறவைக் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் மறுமொழி வந்தவுடன் கேட்டவரின் மனதில் இன்னுமொன்று நடக்கிறது. இவரைக் கதிரையில் இருத்துவதா, வாங்கில் இருத்துவதா? ‘நீங்கள்’ என்பதா, ‘நீர்’ என்பதா, ‘நீ’ என்பதா? இவர் சொல்வதை நம்புவதா, இன்னொருவரிடம் விசாரித்துப் பார்ப்பதா? இவ்வளவும் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுகிறது. தீர்த்தவருக்கே தான் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டதாகத் தெரியாது. அவர் கெட்டவருமல்லர். கோயில் மடத்தில் வந்தவருக்கெல்லாம் சோறு போடுகிறவராகவும் இருப்பார்.

ஒருவருக்கு வேண்டுமென்றே செய்கிற அநியாயத்துக்குத் தமிழில் ஓரவஞ்சனை என்று பெயர் இருக்கிறது. அதை எவரும் அடையாளம் காணலாம், கண்டிக்கலாம். செய்கிறவருக்கே தெரியாமல் நடக்கிற சரிவை என்னவென்று சொல்வது? மனச்சாய்வு என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த மனச்சாய்வைப் பற்றித்தான்.

மனம் ஏன் இப்படிச் சாய்கிறது? காட்டுவழியில் சயிக்கிளில் போகிறவன், முறிந்த கிளையையும் ஈரம் காயாத யானை லத்தியையும் கண்டால் நின்றுவிடுகிறான். நின்று ஆராய்ந்து, ஆதாரம் திரட்டி, அதன் பிறகு பயப்படுவதில்லை. மனம் முன்னர் கண்டதையும் கேட்டதையும் கோத்து ஒரு கணத்தில் முடிவு சொல்கிறது. அந்தக் குறுக்குவழி இல்லாவிட்டால் வன்னியில் எவரும் பிழைத்திருக்க முடியாது. கெட்ட வாய்ப்பு என்னவென்றால், யானைக்கும் மழைக்கும் பழகிய அதே குறுக்குவழியை மனிதர்களுக்கும் போட்டுவிடுகிறோம். யானையைப் பற்றி நாம் படித்தது கண்ணால் கண்டது. மனிதரைப் பற்றிப் படித்ததோ பெரும்பாலும் பிறர் வாயால் கேட்டது.

நேயர்களே, பொதுப்படப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். ஆகவே எங்கள் மண்ணிலேயே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். அது மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியிருக்கிற எங்கள் மக்களின் கதை.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தேயிலையையும் றப்பரையும் வளர்த்த இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் பார்ப்போம் என்று கணக்குப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 1977 வன்செயலில் தோட்டங்களில் அடிபட்ட குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்தன. வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியிருத்தியது. கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். நெடுங்கேணிக்கு அண்மையில் இருந்த டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்ற பெயர்களை எங்கள் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயும் அந்தக் குடும்பங்கள் காடு திருத்திக் குடியிருந்தன.

அடுத்து நடந்தவை தெரிந்தவைதாம். 1983 இல் காந்தீயத்தின் தலைவர்கள் சிறைப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவ்விடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் கொண்டுவந்து இருத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 இல் நடந்த தாக்குதலில் அவர்களிலும் பலர் கொல்லப்பட்டார்கள். ஏழைகளை வேரோடு பிடுங்கி நடுவதும், நட்ட இடத்தில் அவர்கள் சாவதும் இந்த மண்ணின் கதையாயிற்று.

வேறு விதமாக வந்த குடும்பங்களும் உண்டு. 1970 களின் முற்பகுதியில் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது, முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் செழித்தன. அந்தத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாக வந்தவர்களில் மலையகத்தார் ஏராளம். காணி ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருக்கு.

இத்தனை காலம் கழிந்துவிட்டது. அன்று தாயின் இடுப்பில் வந்த குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளை. அந்தப் பேரப்பிள்ளை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலோ வவுனியா ஆஸ்பத்திரியிலோ பிறந்தது. இந்த மண்ணின் சகல இடப்பெயர்வுகளிலும் எங்களோடு நடந்தது அந்தக் குடும்பம். இருந்தும் "அவை ஊராக்களில்லை, வந்த ஆக்கள்" என்று சொல்கிறோம்.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்தவன். இந்தச் சொல் எனக்கு எப்போதும் வியப்பு. இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கும் முரசுமோட்டைக்கும் வந்தவரைக் ‘குடியேறியவர்’ என்கிறோம். நுவரெலியாவிலிருந்தோ இரத்தினபுரியிலிருந்தோ வந்தவரை ‘வந்தவர்’ என்கிறோம். வந்தது இருவருமே. முன்னவருக்குக் கிடைத்தது காணி, மற்றவருக்குக் கிடைத்தது பட்டம். 1995 இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தது. 1997 இல் ஜயசிக்குறு நடவடிக்கையோடு நெடுங்கேணியும் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகும் வன்னியில் ‘வராதவர்’ என்று எவரைச் சொல்வது?

இதில் இன்னுமொரு விசித்திரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வன்னியைக் ‘காடு’ என்றுதான் சொல்லி வந்தார்கள். உத்தியோகத்தருக்கு வன்னிக்கு மாற்றம் வந்தால் வீட்டில் அழுகுரல் கேட்கும், தண்டனை இடமாற்றம் என்பார்கள். வன்னிப் பிள்ளை பட்டணத்துக்குப் படிக்கப் போனால் அதன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் வலியை எங்கள் பக்கத்தார் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதே வலியை அறிந்தவரே மலையகத்திலிருந்து வந்தவரின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் அவர் வாயிலும் வருகிறது. மேலிருப்பவன் கீழிருப்பவனை மிதிக்க, அவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான். வலிபட்டவன் பிறர் வலியை அறிவான் என்று நாம் நம்புகிறோம். அது தானாக நடப்பதில்லை.

சரி, இந்தச் சாய்வு அன்றாடம் எங்கே வேலை செய்கிறது? ஏசுகிற வாயில் அதைத் தேடவேண்டாம். ஏச்சைக் காது கேட்கும், கண்டிக்க ஆளும் வரும். கோயில் வாசலையும் கிணற்றையும் தேநீர்க்கடையையும் சாதி சொல்லி அடைப்பது குற்றம் என்று 1957 இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவுகள் உடனே திறக்கவில்லை என்பது வேறு கதை. ஆயினும் அடைத்த கதவைச் சட்டத்துக்குக் காட்டலாம். சுருங்கிய புருவத்தை எந்தச் சட்டத்துக்குக் காட்டுவது?

ஒரு கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நான் இருந்தேன். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேச்சு. பின்வரிசையில் இருந்த ஒருவர், மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தவர், எழும்பி "துருசுக்குக் கீழால தண்ணி கசியுது, அதை அடைக்காமல் ஏக்கரைக் கூட்டினால் கடைசி வயல் காயும்" என்றார். கூட்டம் அதைத் தாண்டிப் போய்விட்டது. சற்று நேரத்தில் முன்வரிசையில் இருந்த பெரிய கமக்காரர் ஒருவர் அதையே சொன்னார். "நல்ல யோசனை" என்றார் தலைவர். செயலாளர் பெரியவரின் பெயரைப் போட்டு அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார். அங்கே எவரும் எவரையும் அவமதிக்க நினைக்கவில்லை. பின்வரிசைக் குரல் அவர்களுடைய காதுக்கு ‘யோசனை’யாக விழவில்லை. அவ்வளவுதான். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அந்த மனிதர் வரவில்லை. குளத்தின் கசிவைக் கண்ட கண் ஒன்றை ஊர் இழந்தது.

பாடசாலையிலும் இதே கதைதான். விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது சில முகங்கள் ஆசிரியரின் கண்ணில் முதலில் படுகின்றன. முற்றம் கூட்டவும் கதிரை தூக்கவும் ஆள் தெரியும்போது வேறு சில முகங்கள் படுகின்றன. அலுவலகத்தில் ஒருவரிடம் "உங்கட காணி எது?" என்று கேட்கிறார்கள், இன்னொருவரிடம் "ஆற்ற காணியில இருக்கிறீர்?" என்கிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே அவருடைய அனுமதிப்பத்திரம் அரைவாசி மறுக்கப்பட்டுவிட்டது. பெண்கள், போரில் அவயவம் இழந்தவர்கள், மறுபிறப்பைப் போல இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆகியோருக்கும் இவ்விதமே வேறு வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

"நாங்கள் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்று சொல்லுகிற நல்லவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். உண்மையாகவே சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தன் மனதைத் தான் தேடிப் பார்த்து, அங்கே வெறுப்பு இல்லை என்று கண்டவர், தன் கை செய்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நெஞ்சில் குற்றமில்லை என்பதனால் கையிலும் குற்றமில்லை என்று ஆகிவிடாது.

இது எங்களுக்கு மட்டும் உரிய நோயுமன்று. செந்தில் முல்லைநாதன் என்ற தமிழ்ப் பெயர் உடைய பொருளியலாளர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். அவரும் மரியான் பேர்ட்ரண்ட் என்ற அம்மையாரும் பொஸ்ரன், சிக்காகோ நகரங்களில் பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிகள் ஒரேமாதிரியானவை. பெயர்களில் பாதி வெள்ளையர் வைக்கிற பெயர்கள், பாதி கறுப்பின மக்கள் வைக்கிற பெயர்கள். 2004 இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளைப் பெயருக்கு 10 விண்ணப்பம் போட்டால் ஓர் அழைப்பு, கறுப்புப் பெயருக்கு 15 போட்டால்தான் ஓர் அழைப்பு. அந்த வேலைகொள்வோரிடம் கேட்டிருந்தால் அவர்களும் "நாங்கள் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

செக்கந்தராபாத்தில் பிறந்த மஸரின் பானாஜி என்ற அம்மையாரும் அவருடைய ஆசிரியரான கிரீன்வால்டும் 1995 இல் இந்த அறியாச் சாய்வைப் பற்றி விரிவாக எழுதினார்கள். சொற்களையும் முகங்களையும் கணினியில் விரைவாக வகைபிரிக்கச் சொல்லி அதை அளக்கும் முறை ஒன்று 1998 இல் வந்தது. அதன்பின் பெரிய கம்பனிகளும் அரசாங்கங்களும் தங்கள் ஊழியருக்கு ஒருநாள் பயிற்சி வைக்கத் தொடங்கின. ஆனால் அந்த அளவுகோல் தனி ஒருவர் எப்படி நடப்பார் என்று திட்டமாகச் சொல்லாது என்பதும், ஒருநாள் பயிற்சியால் நடத்தை பெரிதாக மாறுவதில்லை என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. இது எங்களுக்கு ஒரு நல்ல பாடம். புத்திமதி கேட்டுவிட்டுப் போகிற வழியிலேயே மனம் பழைய தடத்தில் இறங்கிவிடும். நான் இப்போது பேசுகிற பேச்சுக்கும் அதே கதிதான்.

பின் என்ன செய்யலாம்? மனதைத் திருத்தும்வரை காத்திராமல், தீர்ப்புச் சொல்கிற இடத்தைத் திருத்தலாம். 1952 இல் பொஸ்ரன் சிம்பனி இசைக்குழு, வாத்தியகாரரைத் தெரியும்போது நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் இடையில் திரை கட்டியது. ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாது, இசை மட்டும் கேட்கும். காலடிச் சத்தமும் காட்டிக்கொடுத்துவிடும் என்று சில குழுக்கள் தரையில் விரிப்பும் போட்டன. பிறகு மற்றப் பெரிய குழுக்களும் திரை கட்டின. 1970 அளவில் அமெரிக்காவின் முதன்மையான ஐந்து குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. 1990 களின் இறுதியில் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. அதில் திரையின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். திரை நியாயமானது என்பதில் விவாதமில்லை.

அத்தகைய திரை எங்கள் நாட்டிலும் உண்டு. அதுதான் சுட்டெண். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை விடைத்தாளில் பெயர் எழுதுவதில்லை. எந்த ஊர், யாருடைய மகள், தகப்பன் என்ன தொழில் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. கூலிவேலை செய்கிறவரின் பிள்ளையும் அதிபரின் பிள்ளையும் அந்த மூன்று மணித்தியாலம் வெறும் எண்கள். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த எண்ணின் நிழலில்தான் பல்கலைக்கழகம் போனார்கள்.

என்னோடு படிப்பித்த ஒரு தமிழாசிரியை இதைத் தவணைப் பரீட்சைக்கும் கொண்டுவந்தார். கட்டுரைத் தாள்களில் பெயர் எழுதிய மூலையை மடித்துப் பின் அடித்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்குவார். ஏன் ரீச்சர் இவ்வளவு கரைச்சல் என்று கேட்டேன். "பேரைக் கண்டால் என்ர கை தானாப் புள்ளி போடுது, சேர்" என்றார். அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. தன் மனம் சுத்தம் என்று அவர் வாதாடவில்லை. கை எங்கே போகிறது என்று பார்த்தார், அதற்கு ஒரு பின் அடித்தார்.

எல்லா இடத்திலும் பெயரை மடிக்க முடியாது என்பது உண்மைதான். கூட்டத்துக்குத் திரை கட்ட முடியாது. ஆனால் வேறு ஒழுங்குகள் செய்யலாம். கூட்டத்தில் ஒரு யோசனையை யார் முதலில் சொன்னாரோ அவர் பெயரை எழுதுவது என்று செயலாளருக்கு ஒரு விதி வைக்கலாம். ஒருமுறை பின்வரிசையிலிருந்து பேச்சைத் தொடங்கச் சொல்லலாம். ஆட்களைத் தெரியும்போது, இன்ன இன்ன தகுதி வேண்டும் என்று ஆளைப் பார்ப்பதற்கு முன்னரே எழுதி வைக்கலாம். ஒருவரை மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி எழுதலாம். அதே காரணம் மற்றவருக்கும் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம். வருட முடிவில் எண்ணியும் பார்க்கலாம். இந்த ஆண்டு மேடையேறிய பிள்ளைகள் யார், முற்றம் கூட்டிய பிள்ளைகள் யார்? எண்ணிக்கைக்குத் தாட்சண்யம் கிடையாது.

இலக்கியத் தொடரில் பேசுகிறவன் இலக்கியத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வெளிவந்தபோது, வன்னியைக் காடாக மட்டும் கண்டிருந்த வாசகர்கள் அந்தக் காட்டுக்குள் காதலும் மானமும் உள்ள மனிதர்களைக் கண்டார்கள். சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதியவற்றைப் படித்தவனுக்கு லயத்தின் உள்ளே எரிகிற விளக்குத் தெரியும். டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதியவற்றைப் படித்தவனுக்குக் கிணற்றங்கரையில் காத்து நின்றவளின் குடம் தெரியும். கதை படிப்பதால் மட்டும் எவரும் நீதிமானாகிவிடுவதில்லை. ஆனால் ‘அவை’ என்று கூட்டமாகக் கண்டவர்களுள் ஒரு முகத்தை அது தனியே எடுத்துக் காட்டுகிறது. முகம் தெரிந்த பிறகு பட்டம் சொல்ல வாய் கூசும்.

2003 இல் வந்த சட்டம் நாடற்றவராயிருந்த மலையக மக்களுக்குப் பிரஜாவுரிமையைத் திரும்பக் கொடுத்தது. 2023 இல், அவர்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைந்து, முன்னோர் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நாடு அவர்களைத் தன் பிரஜை என்று எழுதிவிட்டது. ஊர் அவர்களை ஊரவர் என்று எழுதுவதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. எங்களுடைய கூட்டப் புத்தகமும் வகுப்பு இடாப்பும் சங்கத்தின் நிர்வாகசபைப் பட்டியலும் போதும். அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் ஒருவர் எழும்பும்போது செயலாளரின் பேனை அசைய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.